பத்தியில் இல்லாத பதில்

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் பரீட்சையில் எங்கள் எல்லோரையும்விட அதிகம் மார்க் வாங்கியவர் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருந்தன என்று புரிந்துகொண்டால் அந்தக் காலத்துப் புதுச்சேரியில் பாதி புரிந்துவிடும்.

பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பெண்கள் மூவரும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நாங்கள் வேலை பார்த்த அலுவலகம் எது என்றும் சொல்லமாட்டேன். ஜனங்களிடம் மனு வாங்கும் அலுவலகம், அவ்வளவு போதும். அவரை முசியே என்று கூப்பிடுவோம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய எவனும் முசியேதான். 54-இல் கொடி மாறிய பிறகு மற்றவர்கள் எல்லோரும் சார் ஆகிவிட்டார்கள். அவர் ஒருவர்தான் முசியேவாகவே மிஞ்சினார்.

கொடி மாறுவதற்கு முன்பு அவரைப் பார்த்திருக்க வேண்டும். பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தால் முதல் எழுத்திலிருந்து கடைசியில் அச்சகத்தின் பெயர்வரை படிப்பார். மனு கொண்டுவருகிறவனை எதிரில் நிறுத்தி, அவன் மனுவை அவனுக்கே வாய்விட்டுப் படித்து, தமிழில் சொல்லி, "இதத்தான சொல்ல வந்த?" என்று கேட்பார். ஒரு மனுவுக்கு அரைநாள் ஆகும். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் திட்டுவார்கள். எனக்கும் எரிச்சல்தான். நான் உழவர்கரையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, சாயங்காலம் திரும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியவன். இந்த மனுஷன் எப்போது முடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் படித்த மனு ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை.

பிறகு இங்கிலீஷ் வந்தது. எங்களுக்கெல்லாம் ஒரு பரீட்சை வைத்தார்கள். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பியூனாகக் கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் எழுதி, தலை நரைக்கத் தொடங்கிய ஆட்களுக்கு வைத்த பரீட்சை. யார் மூளையில் உதித்ததோ தெரியவில்லை. இன்றுவரை அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

கடிதம் எழுதுவது, சுருக்கி எழுதுவது எல்லாம் இருந்தது. அதையெல்லாம் நெட்டுருப் போட்டுவிடலாம். பயமுறுத்தியது ஒரே ஒரு பகுதி. ஒரு பத்தி கொடுப்பார்கள். கீழே கேள்விகள் இருக்கும். பத்தியைப் படித்துப் பதில் எழுத வேண்டும். பத்தி எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. மனப்பாடம் அங்கே செல்லாது. பாதி மார்க் அதில்தான்.

முசியே பழைய கேள்வித்தாள்களை எங்கிருந்தோ வாங்கி வந்தார். சில வாரங்கள் யாரோடும் பேசவில்லை. ஒருநாள் அலுவலகம் முடிந்து கடற்கரையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது வந்தார். நானும் லூர்துவும் இருந்தோம். லூர்து எங்களோடு வேலை பார்த்த குமாஸ்தா. வாய் நீளம், பயமும் நீளம்.

"பத்தியப் படிக்காதீங்க" என்றார் முசியே.

லூர்து சிரித்தான். பத்தியைப் படிக்காமல் பத்திக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று கேட்டான். முசியே ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு வரி எழுதி எங்கள் முன்னால் வைத்தார். தமிழ் எழுத்துதான். லொப்பன் மிசுட்டில் பிறுக்கினான். அவனிடம் தொப்பரை இல்லாததால் பிறுக்கினான்.

"லொப்பன் எங்க பிறுக்கினான்?"

"மிசுட்டுல" என்றான் லூர்து.

"ஏன் பிறுக்கினான்?"

"தொப்பரை இல்லாததால."

"ரெண்டுக்கும் முழு மார்க்கு."

"மிசுட்டுன்னா இன்னா முசியே?"

"அத எவன் ஒன்னக் கேட்டான்?"

லூர்துவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வித்தையைக் கண்டுபிடித்தவனின் முகம் இல்லை அது. ஏதோ ஒன்றை விற்றுவிட்டு வந்தவனின் முகம்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அதே இடம், அதே பாடம். கேள்வியை முதலில் படி. கேள்வியில் இருக்கும் பெரிய வார்த்தையைப் பிடித்துக்கொள். அந்த வார்த்தையைத் தேடி விரலைப் பத்தியின் மேல் ஓட்டு. கிடைத்த இடத்தில் நிறுத்து. அந்த வரியை எடுத்து, கேள்வியின் தலையை அதற்கு ஒட்டிப் பதிலாக எழுது. வேர் என்று கேட்டால் ஊர்ப்பெயரைத் தேடு, பெரிய எழுத்தில் தொடங்கும். வென் என்று கேட்டால் எண்ணைத் தேடு. வொய் என்று கேட்டால் பிகாஸைத் தேடு. முதல் கேள்விக்குப் பதில் மேலே இருக்கும், கடைசிக் கேள்விக்குக் கீழே இருக்கும், ஆகவே விரல் பின்னால் போகவேண்டியதில்லை. பத்திக்குத் தலைப்பு வைக்கச் சொன்னால் முதல் வரியில் இருக்கும் பெரிய வார்த்தையை வைத்துவிடு. சொந்தமாக ஒரு சொல்லும் எழுதாதே.

"ஒனக்குத் தெரிஞ்சத எழுதாத. ஒனக்குத் தெரியும்னு எவனும் கேக்கல. தாள்ல இருக்கறத எடுத்து தாள்லயே வை" என்பார்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. நான்கு பக்கமும் நரைத்த தலைகள். சின்னப் பையன்கள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதினோம். எனக்கு முன்னால் முசியேவின் முதுகு தெரிந்தது. அவருடைய வலது கை விரல் தாளின் மேல் ஓடி ஓடி நின்றது. அதைப் பார்த்து நானும் ஓட்டினேன்.

வெளியே வந்ததும் அந்தப் பத்தி எதைப் பற்றி என்று அவரைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? டாக்டர்னு ஒருத்தன் இருந்தான். தீவுன்னு ஒண்ணு இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல இன்னா நடந்துச்சோ" என்றார்.

எல்லோரும் தேறினோம். லூர்து தலைப்பைச் சொந்தமாக வைத்து அதில் மார்க் போய், மயிரிழையில் தேறினான். முசியேதான் முதல். அவரை எங்கள் செக்ஷனுக்குத் தலைவராக்கினார்கள். என் வீட்டில் அன்று கோழி அடித்தார்கள். என் பெண்டாட்டி அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவரால்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அந்த விரல் நிற்கவில்லை.

பரீட்சை முடிந்தால் அந்த வித்தையையும் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். அவர் வைக்கவில்லை. எதற்கும் கேள்வி முதலில் வேண்டும் அவருக்கு. யார் எதைச் சொல்ல வந்தாலும், "கேள்விய மொதல்ல சொல்லு" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். பரீட்சை ஹாலில் கண்காணிப்பவர் சொல்வதுபோலச் சொல்வார்.

அதில் நல்லதும் இருந்தது. லூர்துவின் அப்பா இறந்தபோது வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருந்தார்கள். முசியே உள்ளே வந்தார். லூர்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு எப்போது மூச்சுத் திணறியது, யார் தண்ணீர் கொடுத்தது என்று ஆரம்பித்தான். "இப்ப கேள்வி இன்னா? பெட்டியா, குழியா, சாமியாரா?" என்று கேட்டார். மூன்றும்தான் என்றான். உச்சிவேளைக்குள் மூன்றையும் முடித்துவிட்டார். லூர்து அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவி மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தார். அதிகம் பேசாத பொம்பளை. கொஞ்ச நாளாகவே விடியற்காலையில் எழும்போது நெஞ்சுக்குள் ஏதோ அழுத்துவதுபோல இருக்கிறது என்றார். அன்று கோயிலுக்குப் போகும்போதுகூட வழியில் நின்று நின்றுதான் போனேன், அங்கே பெரியவளின் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவைப் பார்த்தேன் என்று எங்கோ போய்க்கொண்டிருந்தது பேச்சு.

"கேள்விய சொல்லு" என்றார் முசியே, மீனில் முள் எடுத்தபடி.

அந்த அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தார்.

"எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பதில் எடுத்தாயிற்று, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்பதுபோல இருந்தார். அன்று எனக்கு அவர்மேல் முதல்முறையாக வெறுப்பு வந்தது.

அலுவலகத்திலும் அப்படித்தான். மனுக்கள் இங்கிலீஷில் வர ஆரம்பித்துவிட்டன. தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர்கள் தலையும் வாலுமில்லாத இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எங்களிடம் அச்சடித்த படிவங்கள் இருந்தன, அவற்றில் கேள்விகள் இருந்தன. முசியே படிவத்தை இடப்பக்கம் வைப்பார், மனுவை வலப்பக்கம் வைப்பார். விரல் ஓடும். நிற்கும். எடுத்து எழுதுவார். ஒரு நாளில் ஒரு கட்டு மனு முடிந்துவிடும். மேலதிகாரி மதராசிலிருந்து வந்தவர். அவர் முசியேவைக் காட்டி எங்களிடம், வேலை என்றால் இப்படி என்றார். விரலுக்கு அகப்படாத மனு திரும்பிப் போகும். விவரம் இல்லை என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிடுவார்.

அவர் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவரால் அந்த மனுக்களைப் படிக்க முடியாது. எங்கள் ஒருவராலும் முடியாது. ஆனால் முடியாது என்று வாயைத் திறந்து சொன்னால் பரீட்சையில் தேறியது பொய்யாகிவிடும். ஒரு அலுவலகம் முழுக்கப் படிக்கத் தெரியாதவர்கள் உட்கார்ந்துகொண்டு, படித்துவிட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று பெண் பிள்ளைகளை வைத்திருந்தவர் அவர். அந்தப் பயம் அவருக்கு விரலில் இருந்தது.

ஒரு ஐப்பசியில் புயல் அடித்தது. கடலோரக் குப்பங்களில் ஆட்கள் போனார்கள். ஆளை இழந்த வீட்டுக்கு ஒரு கட்டுமரமும் வலையும் கொடுப்பதாக அரசாங்கம் சொல்லிற்று. அதற்கான படிவங்களை நிரப்பி மேலே அனுப்பும் வேலை எங்கள் செக்ஷனுக்கு வந்தது. மாதக் கடைசியோடு மனு வாங்குவது முடியும். அதற்குப் பிறகு வந்தால் இல்லை.

நோணாங்குப்பத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து கன்னியம்மா வந்தாள். முப்பது வயது இருக்கும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. கையில் மனு. முசியே வாங்கினார். விரல் ஓடியது. இறந்த தேதி என்று படிவம் கேட்டது. சடலம் கிடைத்த இடம் என்று கேட்டது. டைடு, டெட், டெத், பாடி என்று எது வந்தாலும் நிறுத்த விரல் தயாராக இருந்தது. பக்கத்தின் அடிவரை போயிற்று. பாடி என்று ஒரு இடத்தில் நின்றது. அது தனிக்குடித்தனம் இருந்த அவள் கொழுந்தனுடைய சடலம். பெயர் ஒத்துவரவில்லை. விவரம் இல்லை என்று எழுதித் திருப்பிவிட்டார்.

சில நாள் கழித்து மறுபடி வந்தாள். புது மனு, அதே கதை. திரும்பிப் போனாள். திரும்பவும் வந்தாள். மாதம் முடியப்போகிறது. அவளுடைய தம்பி அடுத்தவன் கட்டுமரத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். சொந்த மரம் இல்லையென்றால் அந்த வீடு கரையில் ஒதுக்கிய மீனைப் பொறுக்கித்தான் சாப்பிட வேண்டும்.

மனு எழுதுகிறவனிடம் நான் போய்ச் சண்டை போட்டேன். செத்துவிட்டான் என்று ஒரு வார்த்தை எழுதித் தொலைக்க மாட்டாயா, காசு வாங்குகிறாயே என்றேன். அவன் கையை விரித்தான்.

"எழுதக் கூடாதுன்னு கையப் புடிச்சிக்கிறா. நான் இன்னா பண்ணட்டும்? தமிழ்ல படிச்சிக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கைநாட்டு வைக்கிறா."

அந்தக் குப்பத்தில் அது வழக்கமாம். கடலுக்குப் போனவன் உடம்பு கரைக்கு வராதவரை வீட்டுப் பெண் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது, அடுத்தவர் சொல்லவும் விடக் கூடாது. இன்னும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு நாள் குறித்த பிறகுதான் தாலி இறங்கும். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.

நான் அவள் மனுவை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். முசியேவின் பழைய இங்கிலீஷ்-பிரெஞ்சு அகராதி ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. எடுத்துவைத்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்தேன். ஒரு முழுக் காலை போயிற்று. பாதி வார்த்தை புரியவில்லை. மிச்சப் பாதி போதுமானதாக இருந்தது. புயலுக்கு முந்தின நாள் புருஷனும் கொழுந்தனும் ஒரே மரத்தில் போனார்கள். கொழுந்தனின் உடம்பு கரை ஒதுங்கியது, மரத்தின் ஒரு கட்டை ஒதுங்கியது, புருஷனின் தலைத்துணி அந்தக் கட்டையில் கட்டியிருந்தது. என் புருஷன் இன்னும் வரவில்லை. வரும்வரை நாங்கள் சாப்பிட ஒரு மரம் கொடுங்கள். அவர் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து முசியேவின் மேசைக்குப் போய், செக்ஷன் முழுக்கக் கேட்கும்படி அதைத் தமிழில் சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன்.

முசியே தலையைத் தூக்கவில்லை.

"அந்த வார்த்தை இல்லியேப்பா" என்றார்.

"இவ புருஷன் லொப்பன் இல்ல முசியே" என்றேன்.

லூர்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். முசியேவின் விரல் மனுவின் மேல் இருந்தது. அதை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன். அடிக்கப் போகிறார், அல்லது அழப் போகிறார் என்று நினைத்தேன்.

கன்னியம்மா வேப்பமரத்தடியில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"ஏம்மா, ஒரே ஒரு வார்த்தை நீ சொன்னா போதும். நான் எழுதிக்கிறேன். முடிஞ்சிடும்" என்றார்.

"எந்த வார்த்தை சாமி?"

அவர் வாயைத் திறந்தார். அவள் கழுத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நீங்களே சொல்ல மாட்டேங்கறீங்க. நான் எப்பிடி சாமி சொல்லுவேன்?" என்றாள். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

முசியே உள்ளே வந்தார். படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனுவைத் தொடவில்லை. படிவத்தை மட்டும் பார்த்தார். அந்த அச்சடித்த கேள்விகளை அத்தனை காலமும் அவர் சாமியைப் போல வைத்திருந்தார். பத்தி தப்பாக இருக்கும், பதில் தப்பாக இருக்கும். கேள்வி தப்பாக இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. நாங்கள் யாருமே நினைத்ததில்லை.

"கேள்வி தப்பா இருக்குதுப்பா" என்றார்.

பேனாவை எடுத்து இறந்த தேதி என்று அச்சடித்திருந்ததன் மேல் ஒரு கோடு போட்டார். மேலே இங்கிலீஷில் எழுதினார், கடைசியாகப் பார்த்த தேதி என்று. எழுத்துக்கூட்ட என்னைக் கேட்டார். எனக்கும் சந்தேகம்தான். சடலம் கிடைத்த இடம் என்பதையும் அடித்தார். கடைசியாகப் பார்த்த இடம் என்று எழுதினார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், எந்தத் தாளிலிருந்தும் எடுக்காமல், அவர் சொந்தமாக எழுதிய முதல் இங்கிலீஷ் அதுதான். படிவத்தோடு திரும்பவும் வெளியே போனார்.

"அவரக் கடைசியா எப்பம்மா பாத்த?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். விடியலில் பழைய சோறு போட்டது, ஊறுகாய் இல்லை என்று அவன் முகம் சுளித்தது, திரும்பி வரும்போது உப்பு வாங்கி வா என்று இவள் சொன்னது, கடலுக்குப் போகிறவனிடம் எதையடி வாங்கச் சொல்கிறாய் என்று கொழுந்தன் சிரித்தது, தலைத்துணி கிழிந்திருந்ததால் தன் புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தது, அலையைத் தாண்டும்வரை இவள் நின்று பார்த்தது, அவன் திரும்பிப் பார்க்காதது. தேதி ஒரு இடத்தில் வந்தது. இடமும் வந்தது. அவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். அத்தோடு அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் உள்ளே போகவில்லை. மரத்து நிழல் நகர்ந்து வெயில் அவர் தலையில் விழுந்தது. கேள்வியைச் சொல்லு என்று அவர் வாயில் வரவில்லை. அவள் சொல்லி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கூடையை எடுக்கும்வரை நின்று கேட்டார்.

படிவம் மேலே போயிற்று. மேலே இருந்தவர்களும் பரீட்சை எழுதி வந்தவர்கள்தான். கட்டம் நிரம்பியிருக்கிறதா, தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாம் இருந்தது. கன்னியம்மாவுக்குக் கட்டுமரமும் வலையும் கிடைத்தன. கேள்வியை ஒருவரும் படிக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துத் தணிக்கைக்கு வந்த ஒருவன் படித்துவிட்டான். அச்சிட்ட அரசாங்கப் படிவத்தை ஒரு தலைமைக் குமாஸ்தா திருத்தியிருக்கிறான் என்று குறிப்பு எழுதினான். மேலதிகாரியிடமிருந்து முசியேவுக்கு மெமோ வந்தது, இங்கிலீஷில். ஒரே கேள்வி. அச்சிட்ட கேள்வியை நீர் ஏன் அடித்தீர்?

தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதச் சொல்லி நானும் லூர்துவும் கெஞ்சினோம். நாலு வரி, மனு எழுதுகிறவனிடம் கொடுத்தால் உருக்கமாக எழுதிக் கொடுப்பான். விஷயம் அத்தோடு முடியும்.

"மன்னிப்பு கேக்கறியான்னு அதுல கேள்வி இல்லியே" என்றார்.

பதிலை அவரே எழுதினார். கேள்வியின் தலையைப் பதிலுக்கு ஒட்டி, பிகாஸ் போட்டு, கடற்கரையில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே முறையில் எழுதினார். அச்சிட்ட கேள்வியை நான் அடித்தேன், ஏனென்றால் பத்தியில் பதில் இல்லை.

அதிகாரி அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டார். ஒரு வரிப் பதிலைப் புரிந்துகொள்ளாத அந்த ஆளுக்கு எங்களுக்கு வைத்த பரீட்சையை வைத்தால் எத்தனை மார்க் வாங்குவான் என்று அன்று கத்தினேன். லூர்து என் வாயைப் பொத்தினான். முசியேவைத் தலைவர் இடத்திலிருந்து இறக்கினார்கள். ஏனாமுக்கு மாற்றினார்கள். இங்கிருந்து எத்தனையோ காதம் தள்ளி, கோதாவரிக் கரையில், தெலுங்கு பேசும் ஊர். பிரெஞ்சு போய் இங்கிலீஷ் வந்து, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்த ஆளைத் தெலுங்கில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். கன்னியம்மாவின் மரத்தைப் பிடுங்க முடியவில்லை. பிடுங்க வேண்டுமென்றால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமே.

விழுப்புரம் வண்டியில் அவரை ஏற்றிவிட ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். குடும்பம் இங்கேயே இருப்பதாக ஏற்பாடு. பெண்கள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். மனைவி மட்டும் வந்திருந்தார். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நான் கீழே இறங்கி, அவர்களுக்கு வழிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா பேச ஆரம்பித்தார். காதில் விழாமல் இருக்க முடியவில்லை. நெஞ்சு அழுத்துவது இப்போது எவ்வளவோ தேவலை, ஆனால் நேற்று மாடிப்படி ஏறும்போது மறுபடி வந்தது என்றார். பெரியவளுக்கு ஒரு இடத்தில் கேட்கிறார்கள், பையன் வீட்டார் மூலக்குளத்தில் இருக்கிறார்கள், அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நன்றாக இருக்கிறதாம் என்றார். கிணற்றிலிருந்து தன் அம்மா வீட்டுக்குப் போனார். அங்கிருந்து கல்யாணமாகி வந்த முதல் வருஷத்துக்குப் போனார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பில்லை. அத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்தது எல்லாம் வரிசையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

முசியே கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும்வரை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.